எலனைப் பற்றி நான் பேசியது

பிரேசர் டவுன், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

என் அன்பு மகள் வித்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று எல்லாத் தாயும் எழுதுகிற வரியைத்தான் நானும் எழுத வேண்டும். ஆனால் இத்தனை நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, நீ பதில் சொல்லும் முன்னே அடுத்த பேச்சுக்குத் தாவிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதனால் இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். எப்படி இருக்கிறாய் கண்ணு? உடனே சொல்ல வேண்டாம், சொல்லத் தோன்றும்போது சொல்.

இதையெல்லாம் போனிலேயே பேசிவிடலாமே என்றுதான் அப்பா சொன்னார். நானும் போனை எடுத்தேன், உன் முகம் திரையில் வந்ததும், சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதா, அங்கே வெயில் வந்ததா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிடலாம், அதனால்தான் கடிதம். இங்கே செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை. மழை இந்த வருஷம் சீக்கிரமே பிடித்துக்கொண்டது, மாடிப்படிச் சுவர் ஊறிப்போய் பெயிண்ட் உரிகிறது, அப்பா தானே அடித்துவிடுகிறேன் என்று ஏணியைத் தூக்கினார், நான் விடவில்லை. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ரோட்டில் ஆட்டோக்காரர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது வேறு.

ஓஸ்வால்ட் சாரை உனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பதாம் வகுப்பில் உனக்கு இங்கிலீஷ் எடுத்தவர். ரிட்டயரான பிறகு அவர் தன் வீட்டு ஹாலில் மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம் நடத்துகிறார், நானும் போய்க்கொண்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். எட்டுப் பத்துப் பேர் வருவோம், பெரும்பாலும் எங்களைப் போல ரிட்டயரான தமிழ்க்காரர்கள், டீ குடித்துக்கொண்டு ஒரே நாவலைப் பற்றி ஆளுக்கொன்று பேசுவோம். போன தீபாவளிக்குப் பிறகு அடுத்து எந்த நாட்டுக் கதை படிக்கலாம் என்று பேச்சு வந்தபோது, கனடா என்று சட்டென்று சொன்னது நான்தான். என் மகள் அங்கே இருக்கிறாள், அந்த ஊர்க் கதைகளைப் படித்தால் அவள் இருக்கும் இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் என்றேன். எல்லாருக்கும் சந்தோஷம். ஓஸ்வால்ட் சார் சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கனடாவில் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றே நான் நினைத்ததில்லை வித்யா. பனியும் மரமும் விசாவும் மட்டும்தான் கனடா என்று இருந்தேன். முதலில் வந்ததெல்லாம் சரித்திர நாவல்கள். மலையைக் குடைந்து ரயில் பாதை போட வந்த சீனத்துக் கூலிகளின் கதை ஒன்று. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த கதை ஒன்று. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது உன் பக்கத்துச் சமவெளியில் நடக்கிற கதைதான். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண், புருஷனோடு நிலம் தேடி வருகிறாள். மரமே இல்லாத புல்வெளி. புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டுகிறார்கள். புருஷன் வேலை தேடி மரம் வெட்டும் இடத்துக்குப் போய்விடுகிறான், குளிர்காலம் முழுக்க அவள் ஒருத்தி அந்த மண் வீட்டுக்குள். பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க வீட்டுக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் பால் கறக்கப் போவாள். பேச ஆள் இல்லாமல் மாட்டிடம் பேசுவாள், பிறகு அதையும் நிறுத்திவிடுவாள். நான் அகராதியும் கையுமாக அதைப் படித்து அழுதேன். உனக்குப் போன் செய்து, நீ இருக்கும் சஸ்கட்டூனில் ஆறு இப்போதும் உறையுமா, நீ தனியாக வெளியே போகாதே என்றெல்லாம் சொன்னேனே, நீ சிரித்தாய். அப்போதுதான் நீ சொன்னாய், பழைய கதையே படிச்சிட்டு இருக்கியேம்மா, இப்போ நடக்கிற கதை ஒண்ணு அனுப்புறேன், படிச்சு முடிச்சதும் எனக்குப் போன் பண்ணு, வேற யார்கிட்ட பேசறதுக்கு முன்னாடி என்கிட்ட பேசு என்று. அந்தக் கடைசி வார்த்தையை நீ சொன்ன விதம் இப்போது காதிலேயே நிற்கிறது, அன்றைக்குக் காதில் விழவில்லை.

மாரத்தஹள்ளிக்கு வந்த உன் ஆபீஸ் பெண்ணிடம் நீ கொடுத்தனுப்பிய பையில் அந்த நாவல் வந்தது. கூடவே அப்பாவுக்குக் கம்பளிச் சாக்ஸும் மேப்பிள் மிட்டாயும். மிட்டாயைத் தெருவெல்லாம் கொடுத்தேன், கனடாவிலிருந்து மகள் அனுப்பியது என்று சொல்லிச் சொல்லி. நாவலை ஒரே வாரத்தில் முடித்தேன். அதில் வருகிற எலன் என்ற பெண்ணுக்கு உன் வயதுதான். நல்ல வீடு, நல்ல வேலை, புருஷன் கெட்டவன் இல்லை. குளிர்காலக் காலையில் பால் வாங்கக் கடைக்குப் போகிறாள், பால் வாங்காமலே நடந்துகொண்டே போய் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பேசி முடிக்கிறாள். அதன் பிறகு கதை முழுக்க அவள் அந்த அறையில் தனியாகச் சமைப்பதும் வேலைக்குப் போவதும்தான், திரும்பிப் போகவே மாட்டாள். எனக்குப் படிக்கப் படிக்கக் கோபம் வந்தது. முடித்ததும் உனக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைவு இருந்தது. ஆனால் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவது நான்தான் என்று ஓஸ்வால்ட் சார் சொல்லியிருந்தார், முதலில் அங்கே நன்றாகப் பேசிவிட்டு அதையே உனக்குக் காட்டலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கூட்டத்தன்று, உன் கல்யாணத்தின் மறுநாள் கட்டிய கடுகு நிறப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள். மைசூர் போயிருந்த ஒருவருக்காக ஓஸ்வால்ட் சார் போனில் வீடியோ எடுத்தார். நான் என்ன பேசினேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இங்கே எழுதுகிறேன், எழுதாமல் தாண்டிப் போனால் நான் இன்னும் அதே ஆள்தான். "அவன் அடிச்சானா, குடிச்சானா, வேற பொம்பளையா? ஒண்ணும் இல்ல. வேளாவேளைக்கு எல்லாம் கிடைச்சா இப்படித்தான் கொழுப்பு ஏறும். அவளைச் சொல்லி என்ன, அவளை வளத்தவளைச் சொல்லணும். என் பொண்ணும் அதே ஊர்லதான் குடும்பம் நடத்துறா, ஒரு நாள் என்கிட்ட மூக்கைச் சிந்தினது கிடையாது." இதைச் சொன்னபோது கை தட்டினார்கள். மௌரீன் மேடம், நம் பழைய வீட்டுக்கு எதிரில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாரே அவர்தான், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அந்த வீடியோவை வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவிலேயே உனக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு நீ பார்த்துவிட்டாயா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. சில நாள் கழித்து இங்கிலீஷ் எழுத்தில் ஒரே ஒரு வரி அனுப்பினாய். "நல்லா பேசியிருக்கம்மா." நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன் வித்யா. அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நீ போன் செய்வது குறைந்தது, வேலை அதிகம் போல என்று இருந்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஜூலியா வரவில்லை. ஜூலியாவை நீ பார்த்ததில்லை. விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வருவார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார், ஆனால் எந்த நாவலானாலும் முழுக்கப் படித்துவிட்டு வருவார். அந்தச் சமவெளிக் கதை அவருடைய பிரதிதான் என்னிடம் இருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை, உடம்பு சரியில்லையோ என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு வியாழக்கிழமை நானே போனேன். குழந்தை ஏசு கோயிலுக்கு அன்றைக்குத்தான் கூட்டம், தெருவில் நடக்க முடியவில்லை, மெழுகுவத்திக் கடைக்கு மேலே ஒற்றை அறையும் சமையலறையுமாக அவர் வீடு. உட்கார வைத்தார், காபி கொடுத்தார், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று நான்தான் விடாமல் கேட்டேன். அப்போது சொன்னார். "அக்கா, நானும் புருஷனை வுட்டுட்டு வந்தவதான். மவனுக்கு அப்போ ரெண்டு வயசு. அவரும் அடிக்கல, குடிக்கல. அன்னிக்கு நீங்க பேசினது பூரா எங்கம்மா என்கிட்ட பேசினது. அதே வார்த்தை அக்கா, ஒண்ணு கூட மாறல." எனக்குத் தெரியாது ஜூலியா, தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று எனக்கே பட்டது. எதிரில் இருப்பது யார் என்று தெரியாவிட்டால் பேசலாம் என்றுதானே அதற்கு அர்த்தம். அவர் கோபப்படவில்லை. என் டம்ளரை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார். "என்னை விடுங்க, எனக்கு எல்லாம் முடிஞ்சு போச்சு. அங்க கடையில எவ்வளவோ புக்கு இருக்கும். உங்க பொண்ணு இதை ஏன் தேடி எடுத்து உங்களுக்கு அனுப்புச்சு, யோசிச்சீங்களா?"

நான் யோசிக்கவில்லை கண்ணு. அந்தப் படிக்கட்டில் இறங்கும்போதுதான் யோசித்தேன். வீடியோ காலில் உன் பின்னால் தெரிகிற சுவர் எப்போதிலிருந்தோ வேறு நிறம். மாப்பிள்ளை ராஜேஷ் எங்கே என்று எப்போது கேட்டாலும் ஆபீஸில் என்பாய், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸில். பொங்கலுக்குப் பிறகு மாப்பிள்ளையின் குரலையே நான் கேட்கவில்லை. ஜன்னல் மேலே இருக்கிறதே, அதில் நடந்து போகிறவர்களின் கால் மட்டும் தெரிகிறதே, அது என்ன வீடு என்று ஒரு தடவையாவது நான் கேட்டிருக்க வேண்டாமா. எலன் அறையின் ஜன்னலும் அப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் படித்தேன், படித்துவிட்டு அவளைத் திட்டினேன். இங்கே இன்னொரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கேட்கும் தைரியம் இல்லாமல் அன்று சாயங்காலம் ராஜேஷுக்குப் போன் செய்தேன். உன் முதுகுக்குப் பின்னால் அப்படிச் செய்திருக்கக் கூடாது, அதற்கு நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். வித்யா உங்களிடம் சொல்லிவிட்டாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் அத்தை, பிப்ரவரியிலிருந்து அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்றார். பிறகு தானாகவே சொன்னார். "நான் தப்பா ஒண்ணும் பண்ணல அத்தை. அவ போறேன்னு வந்து சொன்னப்பகூட நான் மேட்ச் பாத்துட்டு இருந்தேன், சும்மா சொல்றான்னு நினைச்சேன்." நான் சரிப்பா என்று வைத்துவிட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப் போவதில்லை. நீ ஏன் போனாய் என்று எனக்கு விளக்கம் எழுத வேண்டாம்.

அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவர் குதிப்பார் என்று பயந்துகொண்டு சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தனியா சமைச்சு ஒழுங்கா சாப்பிடுறாளா?" அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு கோல்ஸ் பார்க் பக்கம் நடக்கப் போய்விட்டார். திரும்பி வந்து அந்த நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பேப்பரில் ஸ்போர்ட்ஸ் பக்கத்தைத் தவிர எதையும் படிக்காத மனுஷன், இப்போது தினம் காலையில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து இரண்டு பக்கம் படிக்கிறார், தெரியாத வார்த்தைக்கு என்னைக் கூப்பிடுகிறார். எலன் அறையில் ஹீட்டர் கெட்டுப்போய்க் கோட்டோடு படுத்துத் தூங்குகிற இடம் வருகிறதே, அதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

இவ்வளவுக்குப் பிறகாவது நான் திருந்தினேன் என்று நீ நினைப்பாய், அதுவும் இல்லை. உன் மாமா மகள் வைஷ்ணவி கல்யாணம் ஓசூரில் நன்றாக நடந்தது, மண்டபம் நிறையக் கூட்டம், சாப்பாடு நன்றாக இருந்தது, பெண்ணும் மாப்பிள்ளையும் அடுத்த மாதம் புனே போகிறார்கள். அங்கே உன் பெரியத்தை எல்லார் முன்னாலும், ஏன் வித்யாவும் மாப்பிள்ளையும் வரவில்லை என்று கேட்டார். உன் விஷயத்தை நீ சொல்லாமல் நான் ஊருக்குச் சொல்லக் கூடாதுதான். ஆனால் வர முடியவில்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்குப் பிரமோஷன், இரண்டு பேருக்கும் மூச்சு விட நேரமில்லை, புது வீடு பார்க்கிறார்கள் என்று கேட்காததையெல்லாம் ஜோடித்துச் சொன்னேன். பக்கத்தில் அப்பா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ் அத்திப்பள்ளி டோலைத் தாண்டியது. அப்பா மெல்லக் கேட்டார். "நம்ம பொண்ணு என்ன திருடிட்டா ஓடிப் போனா, இப்படி மறைக்கிறே?" உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று வாய்வரை வந்தது. உன்னை இல்லை, வீடியோவில் இருக்கிற அந்தப் பட்டுப்புடவைக்காரியைக் காப்பாற்றத்தான் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் சமவெளிக் கதையை நினைத்துக்கொண்டேன். நூறு வருஷத்துக்கு முன்னால் மண் வீட்டில் தனியாகக் கிடந்தவளுக்காக நான் அப்படி அழுதேன். அவளுக்குப் பேச ஆள் இல்லை என்று அழுதேன். அவள் செத்துப் போனவள், யாருடைய மகளோ, அவளுக்கு அழுதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, பெருமைதான். ஹீட்டரும் பிரிட்ஜும் இருக்கிற வீட்டிலும் ஒருத்தி பேச ஆள் இல்லாமல் கிடப்பாள் என்று ஒரு நாவலாசிரியர் முன்னூறு பக்கம் உட்கார்ந்து எழுதி, அதை என் மகளே தேடி அனுப்பியும் எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருஷம் புத்தகம் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

இந்த மாதக் கூட்டத்துக்கு முன்பே ஓஸ்வால்ட் சாரிடம் போய் எனக்குப் பேச ஐந்து நிமிஷம் வேண்டும் என்றேன். அந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன். நம் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிடலாம் மேடம், ஆனால் வாங்கி வைத்துக்கொண்டவர்கள் வைத்துக்கொண்டதுதான் என்றார். ஜூலியாவுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், வருவார் என்று எனக்கு நிச்சயம் இல்லை, வந்திருந்தார், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஜூலியாவைப் பற்றியும் பேசவில்லை. எலனைப் பற்றி நான் சொன்னது தப்பு, அடிக்கவில்லை குடிக்கவில்லை என்பது ஒருவனோடு இருப்பதற்குக் காரணம் ஆகாது, அவள் கொழுப்பெடுத்துப் போகவில்லை, அவள் பேசியதை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் அந்த வீட்டு ஆள் மாதிரியே புத்தகத்தைப் படித்துவிட்டேன் என்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னேன். நான் முடிப்பதற்குள் மௌரீன் மேடம் எழுந்தார். இல்லை இல்லை, நீங்கள் முதலில் பேசியதுதான் சரி என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நான் பேசியதை அப்படியே திருப்பிச் சொன்னார். அடிச்சானா, குடிச்சானா, வளத்தவளைச் சொல்லணும், ஒரு வார்த்தை விடவில்லை. தன் தங்கை மருமகளுக்கும் அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறாராம், அந்தப் பெண் இரண்டு மாதமாகத் தாய் வீட்டில் இருக்கிறாளாம், பார்த்தாவது புத்தி வரட்டும் என்று அனுப்பினாராம். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது வித்யா. முகம் தெரியாத ஒரு பெண்ணின் போனில் நான் பட்டுப்புடவையோடு உட்கார்ந்துகொண்டு அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதை இனிமேல் எப்படித் திரும்ப வாங்குவது. அப்போது ஜூலியா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அக்கா பேசி முடிக்கட்டும்" என்றார். நான் முடித்தேன். யாரும் கை தட்டவில்லை. மௌரீன் மேடத்திடம் பிறகு தனியாகப் போய், அந்தப் பெண்ணின் நம்பர் கொடுங்கள், நானே பேசுகிறேன் என்று கேட்டேன். தரவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாளைக்கு மறுபடி அவர் வீட்டுக்குப் போகப் போகிறேன், கதவைத் திறக்காவிட்டால் அடுத்த நாளும் போவேன். கிளம்பும்போது ஜூலியா என்னோடு பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார். எதையும் மன்னித்த மாதிரி பேசவில்லை. அடுத்த நாவலும் கனடாதானா, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி ஒன்று இருந்தால் சொல்லுங்கள் என்றார்.

இதுதான் நடந்தது. நீ என்னை நம்பி, வாயால் சொல்ல முடியாததை ஒரு புத்தகத்தின் மூலம் சொன்னாய், நான் அதை ஊர் கூட்டி அடித்து, அடித்ததை உனக்கே அனுப்பி வைத்தேன். நல்லா பேசியிருக்கம்மா என்ற அந்த ஒரு வரியை நீ எந்த அறையில் உட்கார்ந்து டைப் செய்தாய், அன்றைக்குச் சாப்பிட்டாயா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால், சரிம்மா என்று நீ சொல்லிவிடுவாய், உன் சுபாவம் அது. அதனால் கேட்கவில்லை. கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை என்னிடமே காட்டு.

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன், நீ இருக்கும் வீட்டு விலாசம் எங்களிடம் இல்லை, கொடுக்க இஷ்டமிருந்தால் கொடு. அப்பா எங்கள் இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்த்து, விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். முன்பென்றால் நாங்கள் வருகிறோம் என்று மட்டும் சொல்லியிருப்போம், நீ லீவு போட்டுவிட்டு ஏர்போர்ட்டில் நின்றிருப்பாய். இந்தத் தடவை கேட்கிறோம். வரட்டுமா? இடம் சின்னது என்றால் தரையில் படுத்துக்கொள்கிறோம். இப்போது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, வருத்தப்பட மாட்டோம், விசாவைப் பற்றிப் பேசவும் மாட்டோம். நீ வேண்டாம் என்று சொல்லி, நான் அதைக் கேட்டு, சரி என்று சொல்ல வேண்டும். அது எனக்கு இன்னும் பழக்கமில்லை, பழகிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். போன வருஷம் கிட்னியில் கல் வந்து துடித்தாய், தண்ணீர் நிறையக் குடி, டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டிய தேதியைத் தள்ளிப் போடாதே. நீ எடுத்த முடிவில் நீ தைரியமாக நிலைத்து நிற்க வேண்டும், நிம்மதியாகத் தூங்க வேண்டும், உன் வீட்டில் உன் பேச்சைக் கேட்க நல்ல மனிதர்கள் அமைய வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். தெய்வம் உன் கூட இருக்கட்டும்.

என்றும் உன் அம்மா
சுப்புலக்ஷ்மி ராஜேந்திரன்